சிறுவர்களின் கணக்கு எங்கே?

தஞ்சாவூர்ச் சாலை வழியே திருச்சிக்குள் நுழைகிறவர் எவராயினும் அரியமங்கலத்தை அறிவார். மாநகர் உண்டு கழித்ததும், உடுத்துக் கிழித்ததும், உடைத்து எறிந்ததும் பல்லாண்டுக் காலம் அங்கேதான் வந்து சேர்ந்தன. நாற்பது ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் மலையெனக் குவிந்தது குப்பை. தீப்பற்றினால் ஊரெங்கும் புகை. அந்தப் புகையைக் குடித்தவர்கள் மாளிகைவாசிகளா? இல்லை. அரிசி ஆலையிலும் பணிமனையிலும் பாடுபட்டு வந்து படுக்கிற அரியமங்கலத்து உழைப்பாளி மக்கள்!

மக்கள் குரல் எழுப்பினர். பிறகு, குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் திட்டம் வந்தது. எத்தனை கன மீட்டர் குப்பை, பிரித்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று ஏட்டில் எழுதி, இத்தனை விழுக்காடு முடிந்தது என்று இதழ்களுக்குச் செய்தியும் தந்தனர். நல்லதுதான், மக்கள் பணத்தில் நடக்கும் வேலைக்கு மக்களிடம் கணக்குச் சொல்லத்தான் வேண்டும்.

நாம் கேட்பது இதுதான். அத்தகைய மேடுகளின் ஓரத்தில் சாக்குப்பை சுமந்து திரிந்த சிறுவர்களுக்கு எவர் கணக்கு எழுதினார்? அவர்களில் எத்தனை பேர் காவல் நிலையத்தின் வாசலை மிதித்தனர்? எத்தனை பேர் கூர்நோக்கு இல்லம் சென்றனர்? சென்றவர் எப்போது திரும்பினர், எப்படித் திரும்பினர்? குப்பைக்குக் கணக்கு உண்டு. குழந்தைக்குக் கணக்கு இல்லை என்றால், இதனை நாகரிக நாடு என்று எந்த நாவால் நவில்வது?

சட்டம் சொல்லும் வழி

ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். வயது பதினைந்து. தந்தைக்குக் கூலி வேலை. தாய்க்கு வீட்டு வேலை. பள்ளியை விட்டு நின்று ஈராண்டாயிற்று. பழைய இரும்புக் கடைக்குச் செம்புக் கம்பி ஒரு சுருள் கொண்டு போகிறான். "இது எங்கே கிடைத்தது?" என்று ஒரு கை அவன் சட்டையைப் பற்றுகிறது.

அவன் கற்பனைச் சிறுவன்தான். ஆனால், அந்தக் கை கற்பனையன்று என்பதை எந்தத் தெருவிலும் கேட்டறியலாம்.

2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் இந்தச் சிறுவனைப் பற்றிப் பேசுகிறது. பெருமிதம் கொள்ளத்தக்க முறையிலே பேசுகிறது. அவனைக் காவல் நிலையக் கொட்டடியில் அடைக்கக் கூடாது. சிறையில் வைக்கக் கூடாது. குழந்தை நலக் காவல் அலுவலர் என ஒருவர் நிலையத்தில் இருக்க வேண்டும். அவர் பொறுப்பில் அவனை ஒப்படைத்தாக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளஞ்சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அக்குழுமத்தில் ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளரும் அமர்வர். அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும். பிணை அவனுக்கு விதி, மறுப்பது விலக்கு. விசாரணை நான்கு திங்களில் முடிய வேண்டும். தேவையாயின் இன்னும் இரண்டு திங்கள். திருட்டுப் போன்ற சிறு குற்றமாயின், அதற்குள்ளும் முடியாத விசாரணை அத்தோடு ஒழிந்தது என்று சட்டமே கட்டளையிடுகிறது!

எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால், ஏட்டிலே இருக்கும் சர்க்கரை இனிப்பதில்லையே. குழுமத்தில் உறுப்பினர் இடம் காலியாயிருந்தால்? நன்னடத்தை அலுவலர் ஒருவரே பல ஊர்களைச் சுற்ற வேண்டியிருந்தால்? பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இல்லாத காரணத்தால், பதினைந்து வயதுச் சிறுவனைப் பத்தொன்பது என்று எழுதிவிட்டால்? அந்த ஒரே ஓர் எழுத்துப் பிழையால், சட்டம் கட்டிய கோட்டை முழுவதும் அவனுக்கு இல்லாமற் போகிறதே! பெரியவர்களுக்கான கொட்டடி, பெரியவர்களுக்கான சிறை, பெரியவர்களின் சகவாசம்! சான்றிதழ் வைத்திருப்பவன் எவன், இல்லாதவன் எவன்? வசதி படைத்தவன் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்த நாள் தெரியும். குடிசைப் பிள்ளைக்குப் பிறந்ததே சான்று!

செங்கற்பட்டில் நடந்தது

கற்பனை போதும், நடந்ததைக் கூறுவோம். 2022ஆம் ஆண்டின் இறுதி நாட்கள். தாம்பரத்தில் ரயில்வேக்குச் சொந்தமான மின்கலத்தைத் திருடினான் என்று பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் பிடிபட்டு, செங்கற்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்டான். சேர்த்த சில நாட்களுக்குள், டிசம்பர் 31ஆம் நாள், அவன் பிணமானான். அடித்துக் கொல்லப்பட்டான் என்று வழக்கு எழுந்தது. கைதானவர்கள் யார்? அவனைக் காக்க அரசு ஊதியம் கொடுத்து அமர்த்திய அந்த இல்லத்தின் அலுவலர்களே!

உலகம் புத்தாண்டை வரவேற்றுக் கொண்டிருந்த இரவில், ஓர் ஏழைத் தாய்க்குப் பிள்ளையின் உடலைக் கொடுத்தது இந்த அமைப்பு. கூர்ந்து நோக்குவதற்கென்று ஏற்பட்ட இல்லம். அங்கே எவர் கூர்ந்து நோக்கினார்?

செங்கற்பட்டு என்பது சாமானிய இடமன்று. 1887ஆம் ஆண்டிலேயே, வெள்ளையராட்சிக் காலத்தில், சிறுவர் சீர்திருத்தப் பள்ளி தோன்றிய ஊர். நூற்று முப்பத்தைந்து ஆண்டு அனுபவத்தின் முடிவில் அவ்வூர் கண்டது ஒரு சிறுவனின் சடலத்தை என்றால், ஒருசில தனிமனிதர்களின் கொடுமை என்று அதனைத் தள்ளிவிட முடியாது. கேட்பார் இல்லை என்ற துணிச்சல்தான் ஓங்கிய கைக்கு வலுவூட்டுகிறது.

அந்தச் சாவுக்குப் பிறகு, 2023இல் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களைக் கொண்ட ஒருநபர்க் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. அவர் இல்லங்களைப் பார்த்தார், ஆய்ந்தார், அறிக்கை அளித்தார். இத்தகைய இல்லங்களைக் கவனிக்கத் தனித்துறை வேண்டும் என்பது அதன் தலையாய பரிந்துரைகளுள் ஒன்று. இதற்கிடையே, சமூகப் பாதுகாப்புத் துறை என்றிருந்த பெயர், குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை என்று மாறியது. பெயர்ப் பலகையை மாற்றுவது எளிது; வண்ணமும் தூரிகையும் போதும். பலகைக்குப் பின்னாலுள்ள அறையிலே என்ன மாறியது என்பதையல்லவா நாடு அறிய விரும்புகிறது!

ஒரே ஆண்டின் இரு முகங்கள்

தமிழகம் இத்துறையில் பின்தங்கிப் பிறந்த நாடன்று. 1920ஆம் ஆண்டில், இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது சென்னை மாகாணம். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. வளரிளம் பருவத்தினரைச் சிறைக்கு அனுப்பாமல் பயிற்றுவிக்க 1925ஆம் ஆண்டின் போர்ஸ்டல் பள்ளிச் சட்டம் வந்தது. முதற்பிழை செய்தவரைச் சிறையிடாமல் நன்னடத்தைப் பிணையில் விடுவதற்கு 1936ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டமோ 1958இல்தான் வந்தது.

பெருமைதான். ஆனால், அதே 1920ஆம் ஆண்டில் மற்றொன்றும் நடந்தது. ஏப்ரல் 3ஆம் நாள், மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பதிந்து கொள்ள மறுத்த மக்கள் மீது துப்பாக்கிகள் வெடித்தன; பெண்ணொருத்தி உட்படப் பலர் மாண்டனர். ஒரு கையால் குழந்தையைக் காக்கச் சட்டம் எழுதிய அரசு, மறு கையால் பிறப்பையே குற்றமாக்கிக் குண்டு பொழிந்தது. தாயின் மடியிலிருக்கும் மகவும் பரம்பரைக் குற்றவாளியென்றால், குழந்தைகள் சட்டம் எந்தக் குழந்தைக்கு?

அந்தக் கொடுஞ்சட்டம் 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் இந்தியா முழுவதிலும் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, சந்தேகம் ஒழிந்ததா? இன்ன தெரு, இன்ன சேரி, இன்ன பேட்டை என்று பெயரைக் கேட்டதுமே புருவம் உயர்கிறதே, அது பழைய ஏட்டின் புதிய பதிப்பல்லவா? அரியமங்கலத்துப் பிள்ளை என்றால் ஒரு பார்வை, அடுக்குமாடிப் பிள்ளை என்றால் வேறு பார்வை என்பதைத்தானே இன்னும் காண்கிறோம்!

"மாநிலத்தால் என்ன ஆகும்?"

"இவையெல்லாம் மத்தியச் சட்டங்கள், மாநில அரசு என்ன செய்யும்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களை அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் பிரித்துப் படிக்குமாறு அழைக்கிறோம். காவல் துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சிறைச்சாலைகள், சீர்திருத்தப் பள்ளிகள், போர்ஸ்டல் நிலையங்கள் என்று பெயர் சொல்லி, நான்காம் இனமாக அதே மாநிலப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள். குற்றவியல் சட்டமும் நடைமுறையும் பொதுப் பட்டியலில் உள்ளன. இளஞ்சிறார் சட்டம் தில்லியில் இயற்றப்பட்டாலும், குழுமத்தை அமைப்பதும், அலுவலரை நியமிப்பதும், இல்லத்தின் கூரையை வேய்வதும், உணவுப் பானையை நிரப்புவதும் மாநிலத்தின் கடமை. மாநில உரிமைக்காக மார்தட்டுகிறோம், தட்டத்தான் வேண்டும். உரிமை வேண்டும் என்போர், கையிலிருக்கும் உரிமையைக் கடமையாக்கிக் காட்டவும் வேண்டும்.

2024 ஜூலை முதல் நாள், பழைய குற்றவியல் சட்டங்கள் மூன்றும் போய், வாயில் நுழையாத பெயர்களோடு புதிய மூன்று வந்தன. மாநிலத் திருத்தங்களை ஆராய நீதிபதி எம். சத்தியநாராயணன் அவர்களின் குழுவைத் தமிழகம் அமைத்தது. 2025 ஜனவரியில், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் திருத்தத்தைச் சட்டமன்றம் விரைந்து நிறைவேற்றியது. பெண்மையைக் காக்கும் சட்டத்தை எவரும் குறை சொல்லார். தண்டனையைக் கூட்டுவதில் காட்டிய அந்த விரைவு, சிறுவனைத் திருத்துவதிலும் வேண்டும் என்பதே நம் வாதம். பூட்டுப் போடுகிற சட்டத்துக்குச் சிறகு முளைக்கிறது. கதவு திறக்கிற சட்டத்துக்குக் கால் முடமாகிறது. இது ஏன்?

"பிஞ்சிலே பழுத்தவர்கள்"

மற்றொரு சாரார் இருக்கிறார்கள். "பதினாறு வயதுப் பயலெல்லாம் இன்று பயங்கரமானவன், வயது வரம்பைக் குறை, பெரியவனோடு சேர்த்துத் தண்டி" என்கிறார்கள். 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பின் இக்குரல் ஓங்கியது. அந்தக் கொடுமையை நினைத்துக் கொதிக்காத நெஞ்சம் இல்லை. ஆயினும், அதே கொடுமையை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழு, 2013 ஜனவரியில், வயதைக் குறைக்க வேண்டாம் என்றது. அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றமும் குறைக்க மறுத்தது. அறிவு சொன்னதைத் தள்ளிவிட்டு, ஆத்திரம் சொன்னதைக் கேட்டது பாராளுமன்றம். கொடுங்குற்றம் சாட்டப்பட்ட பதினாறு முதல் பதினெட்டு வயதினரைப் பெரியவர் போல் விசாரிக்க 2015ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது.

நாட்டில் பதிவாகும் குற்றங்களுள் சிறார் மீதானவை நூற்றுக்கு ஒன்றை ஒட்டியே இருந்து வருகின்றன. அந்த ஒன்றைக் காட்டி அச்சமூட்டுகிறார்கள். மிச்சம் தொண்ணூற்றொன்பதைச் செய்த பெரியவர்களைப் பற்றிப் பேச்சு மூச்சில்லை!

"அமெரிக்காவைப் பார்" என்பார்கள். பார்ப்போமே! 1899இல் சிகாகோவில் சிறுவர்க்கென முதல் நீதிமன்றம் கண்ட நாடு அது. அதே நாடு 1990களில் அச்சத்துக்கு ஆட்பட்டு, சிறுவரைப் பெரியவர் நீதிமன்றத்துக்குத் தள்ளும் சட்டங்களை மாநிலந்தோறும் பெருக்கியது. பலன் என்ன? 2007இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வல்லுநர் குழுவின் ஆய்வு, பெரியவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட இளைஞர் மீண்டும் வன்முறையில் இறங்குவது கூடுகிறதேயன்றிக் குறையவில்லை என்றது. கனெக்டிகட் மாநிலம் வயது வரம்பைத் திரும்ப உயர்த்தியது. நியூயார்க் 2017இல் அதே வழிக்கு வந்தது. அடிபட்டவன் மருத்துவமனையைத் தேடித் திரும்புகிற பாதையில், நாம் புதிதாகப் போய் விழ வேண்டுமா?

பதினெட்டாம் பிறந்தநாள்

நம் செம்புக் கம்பிச் சிறுவனுக்குத் திரும்புவோம். பதினெட்டு நிறைகிறது. அன்றைக்கு அவனுக்கு வாக்குரிமை வருகிறது. கூடவே வேறொன்றும் வருகிறது. 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம்; மக்கள் வழங்கும் பெயர் குண்டர் சட்டம். ஓராண்டு வரை, வழக்கு விசாரணையும் தீர்ப்பும் இன்றி உள்ளே வைக்க வழி செய்யும் சட்டம். கள்ளச்சாராயக்காரர், போதை வணிகர், நில அபகரிப்பாளர் ஆகியோருக்கென்று வந்தது. ஆண்டுக்கு ஆண்டு கை நீண்டது. தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழகம் இந்தியாவின் முன்வரிசையில் நின்றதைத் தேசியக் குற்ற ஆவணக் கணக்குகள் பல ஆண்டுகள் காட்டின. ஆட்சிப் பீடத்தில் அமர்ந்தவர் மாறினர். சட்டத்தை எவரும் கைநழுவ விடவில்லை.

உண்மைக் கொடியவனைச் சட்டம் பிடிக்கட்டும், வழக்கு நடத்தட்டும், தண்டிக்கட்டும். வழக்கு நடத்தும் உழைப்புக்குப் பதிலாகத் தடுப்புக் காவல் உத்தரவில் கையெழுத்திடுவது ஆட்சித் திறமையாகாது. கூர்நோக்கு இல்லத்தில் அடி, பதினெட்டில் குண்டர் சட்டம், இருபதில் மத்தியச் சிறை என்று ஏணி கட்டிக் கொடுத்துவிட்டு, "பாருங்கள், எப்படி ஏறுகிறான்!" என்று வியப்பது என்ன நியாயம்?

அந்தத் திருச்சி மத்தியச் சிறையின் மதில் எத்தகையது என்பது நம்மவர்க்குத் தெரியாததா? 1950இல் எழுதிய நூல்களுக்காகப் பெரியாரும் அண்ணாவும் அங்கே அடைபட்டனர். 1953இல் கல்லக்குடிப் போரில் தண்டனை பெற்ற கலைஞர் அங்கே இருந்தார். 1950 பிப்ரவரி 11ஆம் நாள் சேலம் சிறையில் பொதுவுடைமைத் தோழர்கள் இருபத்திருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1976இல் சென்னை மத்தியச் சிறையில் அரசியல் கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டு, நீதிபதி இஸ்மாயில் விசாரணை வரை சென்றது. சிறைக் கதவுக்குப் பின்னால் நடப்பதைச் சொந்த உடம்பில் கண்ட தலைவர்களின் நாடு இது. அவர்களுக்காக ஊரே குரல் கொடுத்தது. பெயர் வெளியிடக் கூடாத சிறுவனுக்காகக் குரல் கொடுப்பவர் யார்? பெயரை மறைப்பது சட்டம் அவனுக்களித்த பாதுகாப்பு. அந்தத் திரையின் பின்னே அவன் துன்பத்தையும் மறைத்து விடுவது நாம் அவனுக்கிழைக்கும் துரோகம்.

நாம் கேட்பவை

புதிய சட்டம் எதுவும் கேட்கவில்லை. உள்ள சட்டத்தின் 16ஆம் பிரிவைப் படியுங்கள். குழுமத்தின் நிலுவை வழக்குகளை மூன்று திங்களுக்கொருமுறை தலைமை நீதித்துறை நடுவர் ஆராய வேண்டும். நிலுவைக் கணக்கை மூன்று திங்களுக்கொருமுறை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்ப வேண்டும். மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயல் தலைவர், உள்துறைச் செயலாளர் முதலியோர் அடங்கிய உயர்நிலைக் குழு ஆறு திங்களுக்கொருமுறை ஆராய வேண்டும். ஆக, கணக்கு எழுதச் சட்டம் எப்போதோ கட்டளையிட்டுவிட்டது. அந்தக் கணக்கை மக்கள் முன் வை என்பதே நம் முதல் கோரிக்கை. மாவட்டவாரியாக, தமிழிலே, பெயரின்றி, எண்களை மட்டும் வெளியிட எத்தனை கோடி செலவாகும்? காகிதச் செலவுதானே!

இரண்டாவது, நீதிபதி சந்துரு குழுவின் ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே, ஏற்றோம், மறுத்தோம், இன்ன நாளுக்குள் செய்வோம் என்று மூன்றில் ஒன்றை எழுதிச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். மூன்றாவது, குழுமங்களில் ஓர் இடமும் காலியாயிருக்கக் கூடாது. 2018 பிப்ரவரியில் சம்பூர்ணா பெஹுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த கடமை அது, சலுகையன்று. நான்காவது, வயதில் ஐயமெனில் பையன் பக்கம் நின்று சான்று தேடும் பொறுப்பு காவல் துறையினுடையதாக வேண்டும். சான்றிதழ் இல்லாத ஏழைமை குற்றமாகக் கூடாது. ஐந்தாவது, பதினெட்டு முதல் இருபத்தொன்று வயதினர் மீது குண்டர் சட்டம் பாய்ந்த கணக்கைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் மறு ஆய்வு செய்ய வேண்டும்.

தோழர்களே! இந்தக் கோரிக்கைகளைக் கோட்டைக்கு அனுப்பிவிட்டு நாம் உறங்கிவிடக் கூடாது. நம் கிளைக் கழகங்கள் ஒவ்வொன்றும் தம் வட்டாரத்தில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணட்டும். பிறப்புச் சான்று இல்லாதவர்க்குப் பெற்றுத் தரட்டும். ஒரு சிறுவன் பிடிபட்டான் என்ற சேதி வந்தால், இலவசச் சட்ட உதவி மன்றத்தின் வழக்கறிஞரை அன்றே தேடி அழைத்துச் செல்லட்டும். கூட்டம் போடுவது எளிது. குடிசையின் வாசலில் நிற்பது கடினம். கடினமானதைச் செய்யத்தானே கட்சி!

அரியமங்கலத்தில் பல்லாண்டுக் குப்பையைத் தோண்டியபோது, எறிந்தது எல்லாம் குப்பையன்று, பிரித்தெடுத்தால் பயன்படும் பொருளும் உண்டு என்று பொறியாளர்கள் சொன்னார்கள். மாநகர் எறிந்த பொருளிலேயே பயனைத் தேடியவர்கள், மாநகர் எறிந்த பிள்ளைகளிடத்தில் தேட மறுப்பரோ?

கணக்கைக் கேட்போம். கிடைக்கும்வரை கேட்போம். அடுத்த ஞாயிறும் கேட்போம்.